அம்மா எழுதாத பத்து வாரங்கள்

ஓஹாயோ
8 செப்டம்பர் 1974

அன்புள்ள ஆல்பினா அக்காவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போன் பண்ணியே கேட்டிருக்கலாம். ஒரே போன் லைனில் நம் வீட்டோடு நாலு வீடு தொங்குகிறதே! நான் ஹலோ சொல்வதற்குள் பக்கத்துப் பண்ணை வோபட் அம்மாள் ரிசீவரைத் தூக்கி மூச்சு விடுவது ஓஹாயோ வரை கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். ஆங்கில எம்.ஏ.வில் இந்தப் பருவம் 'தனிப்படிப்பு' எடுத்திருக்கிறேன். வகுப்பு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. நாமே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேராசிரியரைப் பிடித்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவர் அறையில் அரைமணி நேரம் பேசி, கடைசியில் முப்பது பக்கக் கட்டுரை கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுகமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. வகுப்பு என்றால் பக்கத்தில் இன்னொருத்தி திருதிருவென்று முழிப்பதைப் பார்த்தாவது ஆறுதல் அடையலாம். இதில் முழிப்பதற்கு நான் ஒருத்திதான்.

பேராசிரியர் ஹாலோவே நான் கொண்டுபோன மூன்று தலைப்பையும் ஒதுக்கிவிட்டார். "இதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. உன்கிட்ட மட்டும் இருக்கறது என்னன்னு சொல்லு" என்றார். சட்டென்று வாயில் வந்துவிட்டது: எங்கள் அம்மா பண்ணையில் முப்பது வருஷம் டைரி எழுதினாள் என்று. மனிதர் உடனே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நோட்டுகளை நாம் இருவருமே திறந்ததில்லை. 1946 முதல் 1950 வரை உள்ளவற்றை அனுப்புவாயா? இந்தக் கட்டுரை தேறவில்லை என்றால், முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கும் வேலை போய்விடும். அந்த வேலை போனால் படிப்பும் போச்சு. தயவு செய் அக்கா.

உன் அன்புத் தங்கை,
டோரீன்


டோப்ரி, நெப்ராஸ்கா
17 செப்டம்பர் 1974

அடியே டோரீன்,

எல்லோரும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைக் கேட்டு என்ன செய்யப்போகிறாய்? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியையும் காப்பியையும் வைத்தே ஓட்டுகிறாயா?

நல்ல படிப்புடி இது! வாத்தியார் பாடம் எடுக்க மாட்டார், வகுப்பு நடக்காது, நீயே படித்து நீயே எழுத வேண்டும். அதற்கு அங்கே எதற்குப் போனாய்? இங்கேயே மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து படித்திருக்கலாமே. அத்தானிடம் சொன்னேன். "அப்ப நானும் முப்பது வருஷமா தனிப்படிப்புதான் படிக்கிறேன், எனக்கு யார் கையெழுத்துப் போடுவா?" என்கிறார்.

நோட்டுகளை அனுப்ப மாட்டேன். போன வருஷம் டிராக்டருக்கு ஒரு சாமான் தபாலில் வரவழைத்தோம், அது கலிபோர்னியாவெல்லாம் சுற்றிவிட்டு வந்தது. அம்மாவின் கையெழுத்து அப்படி ஊர் சுற்ற வேண்டாம். காலையில் பால் கறந்து முடித்த பிறகு ஒரு மணி நேரம் எனக்கு ஓய்வு உண்டு. உட்கார்ந்து பிரதி எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. கல்லூரிக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிய மக்கு நான், ஞாபகம் இருக்கட்டும்.

முதல் பத்துப் பக்கம் இதோடு இருக்கிறது. ஒன்றுமே இல்லை பார்: காற்று எந்தப் பக்கம், எந்தப் பசு கன்று போட்டது, யார் வீட்டிலிருந்து கொலாச்சி ரொட்டி வந்தது, அதில் பிளம் பழம் புளித்ததா இல்லையா. இதில் முப்பது பக்கம் எப்படி எழுதுவாயோ!

அக்கா,
ஆல்பினா


ஓஹாயோ
20 அக்டோபர் 1974

அன்புள்ள அக்கா,

நலமா? சோளம் அறுத்து முடித்தாயிற்றா? எனக்கு ஒரு வாரமாக ஜலதோஷம், மற்றபடி நலம்.

நீ அனுப்பிய நாற்பது பக்கமும் வந்து சேர்ந்தது. மக்கா நீ? அச்சடித்த மாதிரி இருக்கிறது உன் எழுத்து! ஹாலோவே படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இந்தம்மா அழுததைக்கூட வானிலை அறிக்கை மாதிரி எழுதறாங்க பாரு!" என்றார். அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் பயம் கூடிவிட்டது. அவர் எதிர்பார்ப்பது ஏறிக்கொண்டே போகிறது, நான் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. தினமும் மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவுகிறேன். யாரும் மணி அடிப்பதில்லை, யாரும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. திங்கள் எது, வியாழன் எது என்றே தெரியவில்லை.

1947 அக்டோபரில் நான் பிறந்தது வரை வந்துவிட்டாய். "பெண். சிவப்பாக இருக்கிறாள். ஆல்பினாவிடம் கொடுத்தால் அழுகையை நிறுத்துகிறாள்" என்று எழுதியிருக்கிறாள் அம்மா. படித்துவிட்டு அழுதேன். சீக்கிரம் 1948-ஐ அனுப்பு அக்கா. டிசம்பரில் கட்டுரை கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
டோரீன்


டோப்ரி
29 நவம்பர் 1974

டோரீனுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். 1948 ஜனவரி 27 வரை இதில் இருக்கிறது, பிறகு ஏப்ரல் 11-இலிருந்து இருக்கிறது. நடுவில் அம்மா எழுதவில்லை. காலி.

நன்றி சொல்லும் நாளுக்கு வான்கோழி வைத்தோம். அத்தான் உன்னைக் கேட்டார்.

ஆல்பினா


ஓஹாயோ
15 டிசம்பர் 1974

அன்புள்ள அக்கா,

உனக்கு உடம்பு ஒன்றும் இல்லையே? கடிதம் இவ்வளவு குட்டியாக இருந்தது, அதிலும் ஒரு திட்டுக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் கெட்ட செய்தி. கட்டுரை முடியவில்லை. மதிப்பெண் இடத்தில் 'முற்றுப்பெறவில்லை' என்று போட்டுவிட்டார்கள். மே 9, வெள்ளிக்கிழமை வரை தவணை. அன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் அதுவே தோல்வி என்று மாறிவிடும். வேறு பேச்சே கிடையாது.

நல்ல செய்தி என்னவென்றால், எதைப் பற்றி எழுதுவது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பத்து வாரங்கள்! ஹாலோவே மேஜையில் தட்டினார். "முப்பது வருஷத்துல ஒரு நாள் விடாத பொம்பளை, பத்து வாரம் பேனாவையே தொடலை. அந்த மௌனம்தாம்மா உன் கட்டுரை!" என்றார். தலைப்புகூட வைத்துவிட்டேன்: 'ஒரு பண்ணைப் பெண்ணின் மௌனம்'. ஒரு தாய் ஏன் பேசாமல் போகிறாள் என்று நூலகத்தில் பதினாறு புத்தகம் எடுத்து வந்திருக்கிறேன்.

உனக்கு அப்போது பதினெட்டு வயது. நிச்சயம் ஞாபகம் இருக்கும். அந்த வசந்தத்தில் வீட்டில் என்ன நடந்தது?

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, எழுத வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

டோரீன்


டோப்ரி
26 ஜனவரி 1975

டோரீனுக்கு,

இங்கே நலம். பனிப்புயலில் நாலு மாடு செத்துப்போயிற்று. அத்தானுக்குக் காதில் குளிர் பட்டுத் தோல் உரிந்தது, இப்போது பரவாயில்லை.

நீ கேட்டதற்கு: உனக்குக் கக்குவான் இருமல் வந்தது. அம்மாவுக்கு நேரம் இல்லை. அவ்வளவுதான். இதை வைத்து என்ன பெரிய கட்டுரை? 1949-இல் அந்த ஆலங்கட்டி மழையைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாள், அதை எடுத்துக்கொள். அந்தப் பத்து வாரத்தை விட்டுவிடு.

ஆல்பினா


ஓஹாயோ
9 மார்ச் 1975

அன்புள்ள அக்கா,

நீ நலம்தானே? பிப்ரவரியில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் பண்ணினேன். அத்தான் எடுத்தார். "அவ தொழுவத்துல இருக்கா" என்றார். மறுநாளும் தொழுவத்தில்தான் இருந்தாய். வோபட் அம்மாள்கூட லைனில் இருமிவிட்டு, "உங்கக்கா நல்லாத்தான் இருக்காம்மா, நேத்து சர்ச்சுல பாத்தேன்" என்றாள். நீ பேசாததை வோபட் அம்மாளிடம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது!

இருபத்திரண்டு பக்கம் எழுதிவிட்டேன். வியாழக்கிழமை ஹாலோவே அதைப் புரட்டிவிட்டு, ரொம்ப சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "மூல நோட்டை நீ பாத்தியா? பக்கம் காலியா இருக்கா, இல்ல பக்கமே இல்லையா?" நான் பார்க்கவில்லை. ஒரு பிரதியை நம்பி இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், முதலாண்டுப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். "பாத்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் அக்கா, எனக்குத் தூக்கம் போனது அதனால் இல்லை. எழுத எழுத ஒன்று புரிகிறது. நான் பிறந்து நாலாவது மாதம் அம்மா எழுதுவதை நிறுத்துகிறாள். பதினாறு புத்தகமும் ஒன்றைத்தான் சொல்கின்றன. அம்மாவுக்கு நான் வேண்டாத பிள்ளையா? பதினேழு வருஷம் கழித்து வந்து அவள் வாயை அடைத்தவள் நானா? அதைச் சொல்லப் பயந்துதான் நீ ஒளிகிறாயா? எதுவானாலும் சொல்லிவிடு. சாப்பிட முடியவில்லை.

டோரீன்


டோப்ரி
13 ஏப்ரல் 1975

என் கண்ணு டோரீன்,

முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

நீ வேண்டாத பிள்ளை இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பால் வாளியை உதைத்தேன். பதினாறு புத்தகமாம்! எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடு.

பக்கம் காலி இல்லை. பக்கம் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. அம்மா ஒரு நாள்கூட விடவில்லை. நான்தான் விட்டேன். அந்தப் பக்கங்களை நவம்பரிலேயே படித்துவிட்டேன். ஐந்து மாதமாகத் தினம் காலையில் இந்த மேஜையில் உட்கார்கிறேன், பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இப்போது எழுதுகிறேன், மாற்றாமல்.

"பிப்ரவரி 19. கடுங்குளிர். குழந்தைக்கு இருமலில் முகம் நீலமாகிறது. படுக்க வைத்தால் மூச்சு நிற்கிறது. ஆல்பினா நிமிர்த்திப் பிடித்தபடி நடந்துகொண்டே இருக்கிறாள். டாக்டர் நம்பிக்கை சொல்லவில்லை."

"மார்ச் 3. வடகாற்று. ஆல்பினாவுக்கு ஆசிரியர் கல்லூரியிலிருந்து கடிதம். இடம் கொடுத்திருக்கிறார்கள், தங்கவும் சாப்பிடவும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஒரு வாரத்தில் பதில் கேட்கிறார்கள். அடுப்பில் போட்டேன். அவள் போனால் இந்தக் குழந்தை பிழைக்காது."

"மார்ச் 4. ஆல்பினா தபால் பெட்டிக்குப் போனாள்."

"மார்ச் 5. மேகம். தபால் பெட்டிக்குப் போனாள்."

"மார்ச் 6. போனாள்."

இப்படியே போகிறது. நடுவில் கன்று பிறந்தது, பனி உருகியது எல்லாம் வருகிறது. ஆனால் ஒரு நாள் தவறாமல் "போனாள்", "போனாள்", "போனாள்". ஏப்ரல் 10: "இன்று போகவில்லை. கேட்டதற்கு, எனக்கு மூளை போதாதும்மா என்றாள். குழந்தை சிரித்தது."

டோரீன், இருபத்தேழு வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னோடு படித்த விளாஸ்டாவுக்கு இடம் கிடைத்தது, அவள் கணக்கில் என்னைப் பார்த்து எழுதுவாள். அப்படியும் நான்தான் மக்கு என்று நினைத்தேன். யாராவது புத்தகம் கொடுத்தால் வாங்க மாட்டேன். உன் அத்தானைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனுஷன். ஆனால் மக்கு என்று நினைத்துக்கொண்டு கட்டிக்கொண்டேன், அது வேறு.

அம்மாவை எப்படித் திட்டுவது? நீ பிழைத்தாய். உன்னை ஒரு நிமிஷம் கீழே விட்டிருந்தால் செத்திருப்பாய், அது எனக்கும் தெரியும். அவள் என்னிடம் கேட்டிருந்தால் நானே போக மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாம். அந்த ஒன்றுதான் ஆறவில்லை.

சாப்பிட்டாயா?

ஆல்பினா


ஓஹாயோ
24 ஏப்ரல் 1975

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நான் நலமாக இருப்பதற்கு நீ என்ன கொடுத்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. உன் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹாலோவேயிடம் போனேன். "பக்கம் கிடைச்சுதா?" என்றார். கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். கட்டுரையும் கொடுக்கப்போவதில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கும்மா, அவசரப்படாதே" என்றார். குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதில் இருந்ததெல்லாம் பொய். உண்மையை எழுதினால் உன் வயிற்றெரிச்சலை விற்று நான் பாசான மாதிரி ஆகும். அதை என்னால் செய்ய முடியாது. தோல்வி என்று போடட்டும். ஜூனில் ஊருக்கு வந்துவிடுகிறேன். தொழுவ வேலையாவது உனக்குக் குறையும். இது உனக்காக நான் எடுத்த முடிவு, தடுக்காதே.

உன்,
டோரீன்


டோப்ரி
29 ஏப்ரல் 1975

டோரீன்,

எல்லோரும் நலம். கழுதை, உன்னை என்ன செய்தால் தகும்?

எனக்காக முடிவு எடுத்தாளாம்! என்னைக் கேட்டாயாடி? அம்மாவும் எனக்காக முடிவு எடுத்தாள், கேட்கவில்லை. நானும் யோக்கியம் இல்லை, உனக்கு நல்லது என்று நினைத்து ஐந்து மாதம் காலி, காலி என்று புளுகினேன். அதில் நீ பட்டினி கிடந்ததுதான் மிச்சம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு வியாதி. அடுத்தவளுக்கு எது நல்லது என்று அடுப்படியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

தொழுவத்துக்கு நீ வேண்டாம். உனக்குப் பால் கறக்கத் தெரியாது, பசு உதைக்கும்.

அதனால் நான் சொல்வதைக் கேள். 1948 நோட்டை அத்தான் இன்று டவுனுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புகிறார். "கலிபோர்னியா போயிடுமே?" என்றார். போனால் போகட்டும் என்றேன். உட்கார்ந்து எழுது. உண்மையை எழுது. 'ஒரு பெண்', 'டைரிக்காரரின் மகள்' என்றெல்லாம் மழுப்பாதே. ஆல்பினா கோவாரிக் என்று முழுப் பெயர் போடு. அவளுக்கு இடம் கிடைத்தது என்று எழுது. எங்கேயாவது ஓரிடத்தில் அது எழுத்தில் இருக்க வேண்டும், வோபட் அம்மாள் படித்தாலும் சரி. என் வயிற்றெரிச்சல் என்னுடையது, அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். கொடுக்கிறேன்.

தேறாமல் போனால் போ. ஆனால் எழுதாமல் போனால் இந்த வாசலை மிதிக்காதே. எது வந்தாலும் என்னிடம் மறைக்காதே, அது போதும்.

பச்சைக் காய்கறி ஏதாவது சாப்பிடு.

ஆல்பினா


ஓஹாயோ
24 மே 1975

அன்புள்ள அக்கா,

நான் நலம். உன் முழங்காலுக்கு இந்த முறையாவது டாக்டரைப் பார்.

நோட்டு பத்திரமாக வந்தது. ஆறு நாளில் முப்பத்தொரு பக்கம் எழுதினேன். மே 9 மாலை நாலு மணிக்கு, அலுவலகக் கதவைச் சாத்துவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கொடுத்தேன். ஓடியதில் ஒரு செருப்பு அறுந்துபோயிற்று.

தலைப்பை மாற்றிவிட்டேன். மௌனம் என்ற சொல்லே அதில் இல்லை. 'ஆல்பினா கோவாரிக்கின் கடிதம்' என்று வைத்தேன். அன்று காலையிலேயே ஹாலோவேயிடம் காட்டி, பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். அவர் படித்துவிட்டுப் பக்கங்களை அடுக்கி வைத்தார். பிறகு, "ஆய்வுக் கட்டுரையில வீட்டு ஆளுங்க பேரைப் போடறது வழக்கமில்லையே. 'மூத்த மகள்'னு மாத்திடேன், மதிப்பெண்ணுக்கு நல்லது" என்றார். முடியாது சார், அவள் கேட்டிருக்கிறாள் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மதிப்பெண் தபாலில் வரும் என்று அனுப்பிவிட்டார். இந்தப் பதினைந்து நாளும் எனக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதே.

நேற்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து உறை வந்தது. முடிவு அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு முறை கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்துவிட்டேன். பிரிக்காமல் இதற்குள் வைத்திருக்கிறேன். மேலே என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதியிருக்கிறேன், பார்.

கல்லூரியிலிருந்து உனக்குக் கடிதம் வந்திருக்கிறது அக்கா. நீ முதலில் பிரித்துப் படி. பிறகு எனக்குச் சொல்.

உன் தங்கை,
டோரீன்